மேஜைமேல் ஒரு யுத்த வீதி

பிரான்ஸ் தேசத்தை ஆண்ட பதினான்காம் லூயி மன்னருக்குத் தம் எல்லைப்புறத்துக் கோட்டை நகரங்களை அரண்மனையை விட்டு அகலாமலே பார்வையிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. யுத்த மந்திரி லூவ்வா பிரபுவின் யோசனைப்படி 1668-ஆம் ஆண்டில் அந்த ஆசை உருப்பெறத் தொடங்கிற்று. டன்கர்க் துறைமுகத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு கோட்டையும், அதைச் சூழ்ந்த அகழியும், உள்ளேயிருந்த மாதாகோயிலும் கடைவீதியும், வெளியேயிருந்த வயலும் தோப்பும் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, மரத்தாலும் காகிதத்தாலும் பட்டு நூலாலும் பெரும் பலகைகளின்மேல் நிர்மாணிக்கப்பட்டன. எந்த மதிலில் எந்தப் பக்கம் பலவீனம், எந்த மேட்டில் எதிரி பீரங்கியை ஏற்றினால் ஊர் தாங்காது என்பதெல்லாம் அந்தப் பலகைகளைக் கண்ணால் பார்த்தவனுக்கே விளங்கிவிடும் ஆகையால், அவை ராஜாங்க ரகசியமாகக் காக்கப்பட்டன. லூவர் அரண்மனையின் நீண்ட கூடத்தில் அவை வைக்கப்பட்டிருந்த காலத்தில், மன்னரின் அநுமதியின்றி ஒருவரும் அங்கே நுழைய இயலாது. 1777-இல் அவை அன்வாலீத் மாளிகைக்கு மாற்றப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. 1815-இல் பாரிஸுக்குள் புகுந்த பிரஷ்யப் படையினர் அவற்றுள் சிலவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதிலிருந்தே, வெற்றி பெற்றவன் கண்ணுக்கும் அவை விளையாட்டுச் சாமான்களாகத் தோன்றவில்லை என்பது தெரிகிறது.

யுத்தகால வீதி ஒன்றைச் சிறிய அளவில் மேஜைமேல் சமைத்து வைக்கும் இன்றைய கலைக்கு அந்தப் பலகைகளையே மூத்த முன்னோர் என்று கொள்ளலாம். வீடும் தெருவும் கூரையும் சாளரமும் அவற்றில் இருந்தன, இல்லாதது ஒன்றுதான். அந்த வீதிகளில் மனித நடமாட்டம் கிடையாது. கோட்டையை முற்றுகையிடுகிறவனுக்கும் காக்கிறவனுக்கும் தெருவின் அகலம் வேண்டும், திருப்பம் வேண்டும். அந்தத் தெருவில் ரொட்டி விற்கிறவள் வேண்டியதில்லை. அன்று விட்டுப்போன அந்த மனிதர்கள் இந்தக் கலைக்குள் திரும்பி வருவதற்கு எத்தனை காலமாயிற்று என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிப்பாய்கள் முதலில் வந்து சேர்ந்தார்கள். 1830-ஆம் ஆண்டில் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய லெப்டினன்டுக்கு, வாட்டர்லூ யுத்தத்தின் மாதிரியொன்றைச் செய்து தரும்படி ராஜாங்கத்தின் கட்டளை கிடைத்தது. அந்த மனிதர் வாட்டர்லூவில் போரிட்டவரல்லர். ஆனால் போரிட்ட எவரையும்விட அந்த இடத்தை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. யுத்தகளத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை அளந்து, எந்த வயலில் அன்று என்ன பயிர் நின்றது என்பதுவரை விசாரித்து எழுதிக்கொண்டார். பிறகு, யுத்தத்தில் பங்குகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆந் தேதி மாலை ஏறக்குறைய ஏழு மணிக்கு உம்முடைய படைப்பிரிவு எங்கே நின்றது, எந்த அணிவகுப்பில் நின்றது, எதிரே யார் இருந்தார் என்று கேட்டார். நாள் முழுதும் நடந்த யுத்தத்தில் அவருக்கு வேண்டியது ஒரே க்ஷணம். நெப்போலியனின் மெய்க்காவற்படை கடைசியாக மேடேறி வந்த அந்த க்ஷணம்.

நடுவழியில் ராஜாங்கம் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சைபோர்ன் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 1838-இல் லண்டன் பிக்கடில்லி வீதியிலிருந்த எகிப்திய மண்டபத்தில், ஏறக்குறைய 400 சதுர அடி விஸ்தீரணமுள்ள அந்த மாதிரி பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஈயப் பொம்மைகள் அதில் நின்றன. ஒவ்வொரு பொம்மையும் இரண்டு வீரர்களுக்குச் சமம். நிலத்தின் அளவு மைலுக்கு ஒன்பது அடி. கணக்கிட்டால் ஏறக்குறைய 587-இல் ஒரு பங்கு ஆகிறது, லூயி மன்னரின் பலகைகளுக்கு வெகு அருகில். அந்த விகிதப்படி ஒரு மனிதன் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். சைபோர்னின் சிப்பாயோ ஒரு சென்டிமீட்டர் இருக்கிறான்! மூன்று மில்லிமீட்டர் மனிதனை வார்ப்பதும் அரிது, வார்த்தாலும் ஷில்லிங் கொடுத்தவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். எனவே நிலம் ஒரு கணக்கிலும் மனிதன் ஒரு கணக்கிலுமாக இரண்டு அளவுகள் ஒரே பலகையில் குடியேறின. அளவுகோலுக்கு உயிரையே கொடுத்த மனிதரும் மனிதனைக் காட்ட வேண்டிய இடத்தில் அளவை மீறத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் தகராறு அளவைப்பற்றி வரவில்லை, நேரத்தைப்பற்றி வந்தது. மாலை ஏழு மணி என்று கடிகாரத்தை நிறுத்திவிட்டால், அந்த நேரத்தில் யுத்தகளத்தின் கிழக்கு மூலையில் பிளான்ஸ்நுவா என்னும் கிராமத்தின் தெருக்களிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரஷ்யப் படையினர் வீடு வீடாகப் போரிட்டுக்கொண்டிருந்ததையும் காட்டத்தானே வேண்டும்? சைபோர்ன் அப்படியே காட்டினார். வெற்றி ஆங்கிலேயருடையது மட்டுமன்று என்று பலகையே சொல்லும்படி ஆகிவிட்டது. அந்த யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய வெல்லிங்டன் பிரபுவுக்கு இது உவப்பாயில்லை. அவருடைய பரிவாரத்தாருக்கும் உவப்பாயில்லை. முடிவில் பிரஷ்யப் பொம்மைகளுள் மிகுதியானவை பலகையிலிருந்து அகற்றப்பட்டன. சைபோர்ன் 1849-இல் காலமானார். போட்ட பணம் அவருக்குத் திரும்பவேயில்லை. அவர் செய்த பெரிய மாதிரி இப்பொழுது லண்டனில் தேசிய ராணுவக் காட்சிசாலையில் இருக்கிறது. மாதிரிகளின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது: பொய்யான பொம்மை ஒன்றைக்கூட வைக்காமல், உண்மையான பொம்மைகளை எடுத்துவிடுவதனாலேயே ஒரு யுத்தத்தை வேறு யுத்தமாக்கிவிடலாம்.

அதன்பின் நூறாண்டுகளின் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் உலக யுத்தம் முடிந்தவுடன் ஆஸ்திரேலியர் தம் யுத்த ஞாபகச் சின்னத்துக்காகச் சிற்பிகளையும் ஓவியர்களையும் நேரே யுத்தகளங்களுக்கு அனுப்பி, முன்புறம் உருவங்களும் பின்புறம் தீட்டிய வானமுமாகப் பெரிய காட்சிகளைச் சமைப்பித்தார்கள். சரித்திராசிரியர் சார்ல்ஸ் பீன் அதற்கு மூலகாரணர். இரண்டாம் யுத்தத்திலோ மாதிரிகள் மறுபடியும் ராஜ ரகசியமாயின. இங்கிலாந்தில் மெட்மனம் கிராமத்து மாளிகையொன்றில் இருந்த விமானப்படைப் பிரிவு, ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைக்கொண்டு, தாக்கவேண்டிய ஸ்தலங்களை அடுக்கடுக்கான பலகையில் செதுக்கிக் கொடுத்தது. 1943-ஆம் ஆண்டு மே 16-ஆந் தேதி இரவு ஜெர்மனியிலிருந்த மோனே அணையை உடைக்கப் புறப்பட்ட விமானிகள், அந்த அணையின் மாதிரியைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டே புறப்பட்டார்கள். அமெரிக்காவில் 1942-இல் கடற்படையார் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் சிறு விமானங்களைச் செய்து தரும்படி கேட்டார்கள். எழுபத்திரண்டில் ஒரு பங்கான அந்த மர விமானத்தை முப்பத்தைந்து அடி தூரத்தில் தொங்கவிட்டால், அரை மைலுக்கு அப்பால் பறக்கும் விமானம் போலத் தோன்றும். நம்முடையதா, எதிரியுடையதா என்று சிப்பாய் அதைப் பார்த்துப் பழகிக்கொள்வான்.

மன்னரின் கூடத்திலும் சேனையின் பாசறையிலும் இருந்த இந்த வித்தை சாமானியனின் வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்த இடம் ஜப்பான் தேசத்து ஷிசுவோகா நகரம் என்று சொன்னால் பெரும்பாலும் தவறாகாது. அந்த நகரத்துக்கு மரவேலைப் பரம்பரை உண்டு. தோக்குகாவா வம்சத்தார் அங்கே கோயில்கள் எழுப்பியபோது வரவழைத்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் அங்கேயே தங்கிவிட்டதாக வழங்குகிறது. 1945-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆந் தேதி இரவு அமெரிக்க விமானங்கள் நெருப்புக் குண்டுகளைப் பொழிந்ததில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. மறு வருஷம் யோஷியோ தமியா என்பவர் அங்கே மரக்கடை வைத்தார். கடையும் பின்னால் தீக்கிரையாயிற்று. மர விளையாட்டு மாதிரிகளைச் செய்துகொண்டிருந்த அந்த ஸ்தாபனம், மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறி 1960-இல் வெளியிட்ட யமாட்டோ போர்க்கப்பல் எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. 1961-இல் ஜெர்மானியரின் பான்தர் டாங்கியைச் செய்தார்கள். கொமாட்சுசாகி என்ற கைதேர்ந்த ஓவியர் பெட்டியின்மேல் படம் எழுதினார். டாங்கி தானாக ஓட வேண்டும் என்பதற்காக உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைக்க வேண்டியிருந்தது. பாட்டரிகள் அடங்கும்படி வடிவத்தை நிர்ணயித்துவிட்டுப் பிறகு அளந்து பார்த்ததில் அது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக அமைந்திருந்தது. இன்றைக்கு உலகத்தின் யுத்த மாதிரிகளுக்கெல்லாம் பிரமாணமாக நிற்கிற அந்த விகிதத்துக்கு, சாஸ்திரத்திலும் சம்பிரதாயத்திலும் வேறு ஆதாரம் கிடையாது. அதனாலென்ன? பிரமாணங்கள் பல இப்படித்தான் பிறக்கின்றன.

டாங்கி தனியே நின்றால் பொம்மை. அது நிற்கத் தெரு வேண்டும், தெருவில் ஆள் வேண்டும். 1968 முதல் தமியா ஸ்தாபனம் சிப்பாய்களைத் தனிப் பெட்டிகளில் விற்கத் தொடங்கிற்று; சில ஆண்டுகளுக்குள் மணல்மூட்டை ஒரு பெட்டி, செங்கற்சுவர் ஒரு பெட்டி, வழிமறிக்கும் தடை ஒரு பெட்டி என்று வீதியே பகுதி பகுதியாகக் கடைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரு யுத்த வீதியைக் கட்டிவிடலாம். இங்கே நான் ஒன்றைக் கவனிக்கிறேன். ஷிசுவோகாவில் எரிந்த தெரு மரத்தெரு; எரிந்த பிறகு அது சாம்பலும் கருகிய கம்பங்களுமாகத் தட்டையாகக் கிடந்தது. அதை மாதிரியாகச் செய்வதென்றால் கறுப்புப் பலகை ஒன்றே போதும். கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய ஐரோப்பியத் தெருவோ இடிந்தாலும் நிற்கும். பாதிச் சுவரும், தொங்கும் சாளரமும், வானத்தைக் காட்டும் உத்தரமுமாக அதன் அழிவுக்கு ஓர் உருவம் உண்டு. ஆகவேதான் தம் சொந்த வீதி எரிந்த ஊரார் அந்நிய வீதிகளின் இடிபாட்டை உலகத்துக்கு வார்த்துக் கொடுத்தார்கள் போலும். அழிவிலும் எல்லா அழிவும் மேஜைமேல் ஏறுவதில்லை. கண்ணுக்கு வடிவாக நிற்கிற அழிவுதான் ஏறுகிறது.

இந்தக் கைவேலைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் இருவரை மட்டும் சொல்கிறேன். சிகாகோ நகரத்து ஷெப்பர்ட் பெய்ன், மோனோகிராம் என்ற மாதிரி ஸ்தாபனத்தின் பெட்டிகளுக்குள் மடித்து வைத்த சிறு துண்டுத்தாள்களின் மூலமாகவே ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்கு ஆசானானவர். காட்சி என்றால் அதில் ஒரு கதை இருக்க வேண்டும், பார்க்கிறவன் கண் முதலில் போகவேண்டிய இடம் ஒன்று இருக்க வேண்டும், தெருவைப் பலகையின் ஓரத்துக்கு இணையாகப் போடாமல் சற்றே சாய்த்துப் போட வேண்டும் என்பன போன்ற அவருடைய விதிகள் நாடகாசிரியனுக்கும் பொருந்தும். மற்றவர் பெல்ஜியத்து ஃபிரான்சுவா வெர்லிண்டன். கருநிற நீர்த்த சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்துவிட்ட தூரிகையால் மேடுகளில் வெளிறிய நிறத்தைத் தடவி, சமதளமான பிளாஸ்டிக்குக்கு வெயிலும் நிழலும் உண்டாக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர். சாந்திலும் ரெசினிலும் வார்த்த இடிந்த வீடுகளை வியாபாரமாக்கியவரும் அவரே.

இனி ஒரு வீதியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நார்மண்டியில் வில்லர்-பொக்காஜ் என்று ஒரு சிற்றூர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆந் தேதி காலையில் ஆங்கிலேயக் கவசப்படையொன்று அந்த ஊருக்குள் எதிர்ப்பின்றி நுழைந்தது. ஊரார் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். ஒன்பது மணிவாக்கில் மைக்கேல் விட்மன் என்ற ஜெர்மானிய எஸ்.எஸ். படை அதிகாரி தம் டைகர் டாங்கியில் நெடுஞ்சாலையோரம் வந்து, வரிசையாக நின்ற வண்டிகளைச் சுட்டுக்கொண்டே ஊருக்குள் இறங்கினார். கால் மணி நேரத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட டாங்கிகளும் வண்டிகளும் எரிந்தன. டைகரும் அடிபட்டு வீதியில் நின்றுவிட, அவர் இறங்கி நடந்தே தப்பினார். பிற்பகலில் ஜெர்மன் டாங்கிகள் மறுபடி வந்தபோது ஆங்கிலேயர் சந்து மறைவில் காத்திருந்தார்கள். பிராமல் என்ற சார்ஜண்ட், தெருமுனை வீடொன்றின் இரண்டு சாளரங்களின் ஊடாகக் குறிபார்த்து ஒரு டைகரைச் சுட்டார். காட்டன் என்ற லெப்டினன்ட் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, பெட்ரோலும் கம்பளமும் சுமந்த துணையோடு தெருவில் நடந்து போய், அடிபட்ட டாங்கிகள் மறுபடி உதவாதபடி கொளுத்திவிட்டு வந்தார். அன்றிரவே ஆங்கிலேயர் ஊரை விட்டுப் பின்வாங்கினார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் ஜெர்மன் பிரசாரப் பிரிவின் புகைப்படக்காரர்கள் அந்த வீதியைப் படமெடுத்துக் குவித்தார்கள். இத்தனை தெளிவாகப் படம் கிடைக்கிற யுத்த வீதி அபூர்வம் ஆகையால், மாதிரி செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வில்லர்-பொக்காஜைக் கட்டிவருகிறார்கள். அந்தப் படங்கள் எவனுடைய கண்ணால் எடுக்கப்பட்டவை, எதற்காக எடுக்கப்பட்டவை என்பதை நினைப்பவர்கள் குறைவு. ஜெர்மானியரின் டாங்கியின்மேல் இந்தக் கலைஞர்களுக்கு உள்ள மோகம் எனக்கு எக்காலத்திலும் பிடித்ததில்லை. இரும்பின் அழகை ரசிக்கும்போதே அதற்குள் இருந்தவன் எந்த ராஜ்யத்துக்காகப் போரிட்டான் என்பதை மறக்கும்படி பெட்டியின் வர்ணப்படம் செய்துவிடுகிறது.

கைவேலையின் பக்கம் வருவோம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்றால், ஐந்தே முக்கால் அடி மனிதன் ஐந்து சென்டிமீட்டர். ஏழு மீட்டர் உயரமுள்ள இரண்டடுக்கு வீடு இருபது சென்டிமீட்டர். குழலோடு சேர்த்து எட்டரை மீட்டர் நீளமான டைகர் இருபத்துநான்கு சென்டிமீட்டர். எட்டு மீட்டர் அகலமான வீதியில் டைகர் குறுக்கே திரும்பினால் இரண்டு பக்கமும் இடிக்கும். அந்த நெருக்கத்தைக் காட்டாமல் தெருவை மைதானமாக்கிவிடுவதுதான் புதியவர் செய்யும் முதல் பிழை. இரண்டாவது பிழை சுவரின் கனம். நார்மண்டியின் பழைய கல்வீட்டுச் சுவர் அரை மீட்டர் கனமிருக்கும். மாதிரியில் அது பதினான்கு மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இரண்டு மில்லிமீட்டரில் நிறுத்தினால், நாடக மேடையின் திரைச்சீலை போல நிற்குமே தவிர வீடாக நிற்காது. சுவர் முழுதாக இருக்கிற வரையில் இந்தக் குறை வெளிக்குத் தெரியாது. உடைத்துக் காட்டினால் உடனே தெரிந்துவிடும். ஆகையால் இடிந்த வீட்டைச் செய்கிறவன் முதலில் இடியாத வீட்டைக் கட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். உத்தரம் எந்தச் சுவரில் ஏறுகிறது, மாடிப்படி எந்தப் பக்கம் போகிறது, புகைபோக்கி எந்த அடுப்புக்கு உரியது என்பது தெரியாமல் இடிபாட்டைச் செய்தால், அது குப்பைமேடாகத்தான் இருக்கும்.

செங்கற்சுவரானால் வேலை இன்னும் பொல்லாதது. ஒரு செங்கல்லின் முகம் ஆறு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர். இருபது சென்டிமீட்டர் சதுரமான ஒரே சுவருக்கு ஏறக்குறைய 3,000 செங்கற்கள் வேண்டும். ஒவ்வொன்றாகக் கட்டுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பலகையாக வார்த்து, அது முற்ற இறுகுமுன் ஊசியால் கோடு கீறுகிறார்கள். தெருவின் கல்தளத்தையும் அப்படியே கீறலாம். ஆனால் தளம் நடுவில் சற்றே உயர்ந்து இரு ஓரத்துச் சாக்கடையை நோக்கிச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடையில்லை. சாளரத்துக்கு நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லை உடைத்து வைக்கிறார்கள். அதன் மெல்லிய கனந்தான் இந்த அளவுக்குப் பொருந்தும். இடிந்த கல்லின் அளவிலும் ஒரு நியாயம் உண்டு. சுவரில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் கீழே கிடக்க வேண்டும். பாதி வீட்டைக் காணவில்லை, காலடியில் பத்துக் கல் மட்டும் கிடக்கிறது என்றால், மீதியை யார் வாரிக்கொண்டு போனார் என்று கேட்கத் தோன்றும். கடைசியில் தூசி. குண்டு விழுந்த தெருவில் கூரை, டாங்கி, பூட்ஸ், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் ஒரே வெளிறிய நிறமாகிவிடும். தனித்தனியே அழகாக வர்ணமிட்டவற்றின்மேல் சாந்துப் பொடியைத் தூவ மனம் வராதவர் கையில் வீதி வீதியாவதில்லை. நவராத்திரிக் கொலுப்படி போல ஒவ்வொன்றும் தனித்தனியே பளபளத்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் வில்லர்-பொக்காஜில் எவ்வளவு இடிபாடு வேண்டும்? இங்கேதான் சைபோர்னின் கடிகாரம் மறுபடி குறுக்கிடுகிறது. ஜூன் 13-இல் அந்த ஊர் அடிபட்டது உண்மை; தரைமட்டமாகவில்லை. ஜூன் 30-ஆந் தேதி ஆங்கிலேய விமானப்படையின் ஏறக்குறைய 250 விமானங்கள் 1,100 டன் குண்டுகளைப் போட்ட பிறகே அது கல்மேடாயிற்று. ஆகஸ்டு 4-ஆந் தேதி அதை மீட்ட படை கண்டது அந்தக் கல்மேட்டைத்தான். விட்மனின் டைகரை ஜூன் 30-இன் இடிபாட்டில் நிறுத்திவைக்கிறவன், ஊரை அழித்தது அந்த டாங்கியே என்று தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறான். டாங்கியில் ஓர் ஆணியின் தலை இடம் மாறியிருந்தால் சண்டைக்கு வருகிற நிபுணர்கள், பதினேழு நாள் வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை.

ஊரார் இன்னும் வரவில்லை. நெடுங்காலமாக இந்த மேஜைவீதிகளில் சிப்பாயே நடந்தான், சிப்பாயே செத்தான். ரொட்டிக்கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கும், ரொட்டிக்காரன் இருக்கமாட்டான். பெட்டிகளில் சாமானிய ஜனங்கள் கிடைப்பது அரிதாக இருந்ததும் ஒரு காரணம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உக்ரேனியத் தலைநகரமான கீவில் தோன்றிய மினிஆர்ட் ஸ்தாபனம் அந்தக் குறையைப் போக்கிற்று. இடிந்த வீடு, டிராம் வண்டி, தெருவிளக்கு, நாற்காலி மேஜை என்று வீதியின் சகல சாமான்களையும், 1930-40களின் உடையில் கிழவரும் பெண்களும் குழந்தைகளுமாகக் குடிமக்களையும் முப்பத்தைந்தில் ஒரு பங்காக அது வார்த்தது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் யுத்தம் அந்த நகரத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. கீவுக்கு வடமேற்கே பொரோடியன்கா என்னும் ஊரில், பாதி வெட்டுண்டு நின்ற அடுக்குமாடிக் கட்டடமொன்றின் மேல்தளத்துச் சுவரில், தரையில்லாமல் ஒரு சமையலறை அலமாரி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது; அதன் தலையில் ஒரு மண்சேவல் பொம்மை விழாமல் நின்றது. அந்த அலமாரியைக் கழற்றிக் கீவ் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். உடைந்த வீட்டின் உட்சுவரில் பூப்போட்ட காகிதத்தையும் அந்தரத்தில் நிற்கும் கணப்பையும் ஒட்டுவது இந்தக் கலையில் பழைய வழக்கம். பார்க்கிறவன் கண் டாங்கியை விட்டுவிட்டு அங்கேதான் போய் நிற்கும் என்பதை நல்ல கைவேலைக்காரர்கள் அறிவார்கள்.

வில்லர்-பொக்காஜில் இந்தச் சாமானிய ஜனங்களை எங்கே நிறுத்துவது? ஒன்பதேகால் மணிக்கு அவர்கள் வீதியில் இருக்க நியாயமில்லை. கதவுக்குப் பின்னாலோ நிலவறையிலோ இருந்திருப்பார்கள். கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னால் நிறுத்த ஒருவர் துணிவாரானால், ஆங்கிலேய டாங்கி நிற்கிற வீதியில், திறந்த கதவுகளின் வெளியே, ஜனங்கள் நிற்கலாம். டைகர் அதில் இருக்காது. இடிந்த சுவரும் இருக்காது. எனவே பிழைகளை மூட இடிபாடு கிடையாது. ஒவ்வொரு சாளரத்துக்கும் உடையாத கண்ணாடியும், ஒவ்வொரு கதவுக்கும் கீலும், திறந்த கதவுக்குள் தெரிகிற அறையும், நேராக நிற்கிற புகைபோக்கியும் வேண்டும். அத்தனை வீடுகளையும் முழுதாகக் கட்டி முடிக்க, டாங்கிக்கு ஆகிற நேரத்தைப்போலப் பல மடங்கு ஆகும். சிப்பாய்ப் பெட்டி ஒன்று வாங்கினால் ஜனப்பெட்டி மூன்றாவது வாங்க வேண்டியிருக்கும்.